ஃபாதர் எழுதினதை இணையத்துல ஏத்திக் கொடுத்த ஆறு வருஷம்

"தம்பி, அது என்னைப் பத்தித்தானே?"

ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சிட்டு இருந்தப்ப, கோயில் வாசல்ல ஒரு அக்கா என்னை ஓரமா கூப்பிட்டு இப்படிக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் போனை எடுத்து எங்க பங்குத்தந்தையோட, அதாவது எங்க கோயிலுக்குப் பொறுப்பா இருக்குற ஃபாதரோட, வலைப்பூவுல அந்த வாரம் வந்த பதிவைக் காட்டினாங்க. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்காக மன்னிப்பு பத்தி எழுதின சிந்தனை. அதுல ஒரு உதாரணம், செத்துப்போன மாமியாரை மன்னிக்க முடியாம பத்து வருஷமா பூசையில கொடுக்குற நற்கருணையை வாங்காம இருந்த ஒரு பொண்ணு. பேரு கிடையாது ஊரு கிடையாது. ஆனா அந்த அக்கா கண்ணு கலங்கி, "நான் ரெண்டு மாசம் முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல சொன்னது இதுதான்"ன்னு சொன்னாங்க. குருகிட்ட தனியா பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குறதுதான் பாவசங்கீர்த்தனம்.

அந்தப் பதிவை டைப் பண்ணி ஏத்தினது நான். 2014 தவக்காலம் அது.

அந்த உதாரணம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஃபாதர் எனக்குச் சொல்லச் சொல்லத்தான் டைப் பண்ணேன், அவர் குருமடத்துல படிக்கிறப்ப ஒரு பேராசிரியர் வகுப்புல சொன்ன கதை, இருபது வருஷத்துக்கு முந்தினது. அதை அக்காகிட்ட சொன்னேன். "நீ அவருக்காகத்தானப்பா பேசுவ"ன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க. அவங்க கோவமா பேசியிருந்தா கூட பரவால்ல, மெதுவாத்தான் சொன்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் ஃபாதர்கிட்ட போய், "ஒரு அக்கா அந்தப் பதிவைப் படிச்சிட்டு வருத்தப்படுறாங்க"ன்னு ஆரம்பிச்சேன், அவர் உடனே கையைக் காட்டி நிறுத்திட்டார். "யாருன்னு சொல்லாத. என்ன சொன்னாங்கன்னும் சொல்லாத." எனக்கு அப்ப கொஞ்சம் கோவம் கூட வந்துச்சு, அவங்களைக் கூப்பிட்டு 'அது நீ இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருமேன்னு நினைச்சேன். அப்புறம்தான் அவர் விளக்கினார். அது நீ இல்லன்னு அவரா போய் சொல்லணும்னா, அந்த அக்கா பாவசங்கீர்த்தனத்துல என்ன சொன்னாங்கன்னு அவருக்கு ஞாபகம் இருக்குன்னு வெளிய காட்டின மாதிரி ஆயிடும். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை ரகசியமா காக்குறதை முத்திரைன்னு சொல்வாங்க, திருச்சபைச் சட்டம் 983 அந்த முத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாதுங்குது. 984 இன்னும் ஒரு படி மேல போகுது, ரகசியம் வெளிய வர்ற ஆபத்தே இல்லன்னாலும், அங்க கேட்டதை வச்சு அந்த ஆளுக்குப் பாதகமா எதுவும் செய்யக் கூடாது. அவங்களா வந்து அவர்ட்ட கேட்டா ஒழிய, அவர் வாயைத் திறக்க வழியே இல்ல. ஒரு எழுத்தாளர் தன் மேல விழுந்த சந்தேகத்தை ஒரு மறுப்பு எழுதித் தீர்த்துக்கலாம், ஒரு குருவால முடியாது. இதை நாங்க பதிவு போடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும், யோசிக்கல.

பதிவை மறுநாளே எடுத்துட்டோம். ஆனா மெயில்ல வாங்குறவங்களுக்கு அது ஏற்கனவே போயிடுச்சு, யாரோ வாட்ஸ்அப்லயும் அனுப்பிட்டாங்க.

குருக்கள் இணையத்துல எழுதுறது திருச்சபைக்கு நல்லதா கெட்டதான்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க, நான் ஆறு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தவன்ங்கிறதால. ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த அக்காதான் முதல்ல ஞாபகத்துக்கு வர்றாங்க. ஆனா நியாயமா சொல்லணும்னா இன்னொரு ஆளையும் சொல்லணும்.

நாங்க ஆரம்பிச்சது 2010ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துல. அந்த வருஷம் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு அப்ப போப்பா இருந்த பதினாறாம் பெனடிக்ட் குருக்களுக்குன்னே ஒரு செய்தி கொடுத்திருந்தார், டிஜிட்டல் உலகத்துல குருவோட மேய்ப்புப் பணி பத்தி. வலைப்பூ, வீடியோ, இணையதளம் இதையெல்லாம் நற்செய்தி சொல்ல பயன்படுத்துங்கன்னு நேரடியா சொன்ன செய்தி அது. ஃபாதர் அதை பிரிண்ட் எடுத்து மேசையில வச்சிருந்தார். அதுலயே இன்னொண்ணும் இருக்கு, இணையத்துல இருக்குற குருகிட்ட தொழில்நுட்ப சாமர்த்தியத்தை விட குருத்துவ இதயம்தான் தெரியணும்னு. முதல் பாதியை நாங்க உடனே புடிச்சிக்கிட்டோம், ரெண்டாவது பாதி புரிய நாளாச்சு.

முதல்ல ஞாயிறு மறையுரை, அதாவது பூசைப் பிரசங்கம், மட்டும்தான் போட்டோம். வயசானவங்க, படுக்கையில இருக்குறவங்க, ஷிஃப்ட் வேலையில பூசைக்கு வர முடியாதவங்க படிப்பாங்கன்னு நினைச்சோம், படிச்சாங்க. நாங்க எதிர்பாக்காதது சனிக்கிழமை ராத்திரி கூட்டம். மத்த நாள் எல்லாம் சேந்து அம்பது பேர் வந்தா சனி ராத்திரி மட்டும் நூறைத் தாண்டும், அதுல பாதிக்கு மேல மத்த பங்கு குருக்கள்னு அவங்களே மெயில் போட்டப்பதான் தெரிஞ்சுது, மறையுரை தயாரிக்கிறதுக்கு. ஃபாதர் அதுக்கப்புறம் வியாழக்கிழமையே போட ஆரம்பிச்சார், அவங்களுக்கும் ரெண்டு நாள் ஜெபிச்சு யோசிக்க நேரம் இருக்கட்டும்னு.

நான் சொல்ல வந்த ஆள் 2016 ஆரம்பத்துல மெயில் அனுப்பினவர். எங்க பங்கு கிடையாது, எங்க இருக்கார்னும் கேக்கல. பதினோரு வருஷமா பூசைக்கே போகாதவர். மனைவி விட்டுட்டு போய் கோர்ட்ல விவாகரத்து ஆயிருக்கு, மறுமணம் பண்ணிக்கல, தனியாத்தான் இருக்கார், ஆனா விவாகரத்து ஆயிட்டாலே நற்கருணை வாங்கக் கூடாது, திருச்சபையை விட்டு தள்ளி வச்சிருவாங்கன்னு யாரோ சொன்னதை நம்பி அத்தனை வருஷம் வெளியவே நின்னிருக்கார். இது தப்பு. சட்டப்படி விவாகரத்து ஆகி தனியா வாழ்றவங்களுக்கு, அந்தக் காரணத்துக்காக மட்டும், நற்கருணைக்குத் தடை எதுவும் இல்ல. ஃபாதர் இதை 2011லயே ஒரு சின்ன பதிவா எழுதியிருந்தார், அப்ப பத்து பேர் கூட படிக்கல. அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் நடுராத்திரியில தேடி அதைக் கண்டுபிடிச்சிருக்கார். கோயில் அலுவலகத்துல வந்து கேக்க வெக்கப்பட்டிருப்பார், கேட்டாலும் யார்ட்ட கேக்குறதுன்னு தெரிஞ்சிருக்காது. அந்தத் திருமணமே செல்லாததுன்னு மறைமாவட்டத்துல இருக்குற திருச்சபை நீதிமன்றத்துல விண்ணப்பிக்கலாமான்னும் கேட்டிருந்தார். முன்னாடி ரெண்டு நீதிமன்றம் ஒரே மாதிரி தீர்ப்பு சொல்லணும், போப் பிரான்சிஸ் 2015ல அதை மாத்தினார், 2015 டிசம்பர் 8லேருந்து செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு வந்து அதுக்கு மேல்முறையீடு இல்லன்னா போதும். ஃபாதர் அதை விளக்கிட்டு, "உங்க பக்கத்துல இருக்குற பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்க, நான் எழுதுறது அதுக்கு பதில் ஆகாது"ன்னு முடிச்சிருந்தார். அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு அன்னைக்கு அவர்கிட்டேருந்து ஒரே வரி மெயில் வந்துச்சு. "இன்னைக்கு வாங்கினேன் சாமி."

பிரசங்கத்துல சொல்றது திங்கக்கிழமை காலையில மறந்து போயிடும். எழுதினது அங்கேயே கிடந்து என்னைக்கோ ஒருத்தரைத் தேடிப் போகும். அந்த மனுஷனைக் கூட்டிட்டு வந்ததும் அதுதான், அந்த அக்காவை வாசல்ல நிறுத்தினதும் அதேதான். பீடத்துல நின்னு பேசுற குருவுக்கு எதிர்ல இருக்குற முகம் தெரியும், ஒருத்தர் முகம் சுருங்கினா அடுத்த வரியை மாத்திக்குவார். எழுதுறப்ப எதிர்ல யாரும் இல்ல. ஆனா படிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் நாளைக்கு அவர் முன்னாடி முழங்கால் போட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணக் கூடியவங்க. அதனால என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான்: இதைப் படிச்ச பிறகு ஒருத்தர் இந்த குருகிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு வர தயங்குவாரா? தயங்குவார்னா, எழுதினதுல ஒரு வரி கூட தப்பான போதனை இல்லாட்டாலும் அது திருச்சபைக்குக் கெடுதல்தான்.

இதுல ரொம்ப ஆபத்தானது, நான் கண்ணால பாத்தது, எண்ணிக்கை. யோசேப்பு வணக்கம் பத்தி அழகா ஒரு பதிவு எழுதினார், முப்பது பேர் படிச்சாங்க. பூசையில போன் நோண்டுறவங்களையும் நற்கருணை வாங்கின கையோட வெளிய ஓடுறவங்களையும் திட்டி ஒண்ணு எழுதினார், முன்னூறைத் தாண்டிடுச்சு, 'சரியா சொன்னீங்க ஃபாதர்'ன்னு வரிசையா பாராட்டு. அடுத்த வாரம் இன்னொண்ணு கொஞ்சம் காரமா. அவர் நல்லவர், அவருக்கே தெரியாமத்தான் அது நடந்துச்சு, நான்தான் ஒவ்வொரு திங்களும் எண்ணிக்கையைச் சொல்லிட்டு இருந்தேன். பாராட்டினவங்க யாருமே திட்டு வாங்கின ஆளுங்க கிடையாது, திட்டு வாங்கினவங்க பின்னூட்டம் போட மாட்டாங்க, பேசாம பக்கத்துப் பங்குக்குப் போயிடுவாங்க. ஒரு நாள் அவரே, "இனிமே எனக்கு எண்ணிக்கையைச் சொல்லாதப்பா"ன்னார். அதை மறைச்ச பிறகு எழுத்து மெல்ல மெல்ல பழைய மாதிரி ஆச்சு. யாராவது ஒரு குருவுக்கு இந்த வேலையில உதவி பண்றவங்க இருந்தா, எண்ணிக்கையை அவர் கண்ணுல காட்டாதீங்க. கேட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு குருவோட கதை இதை விட வேதனை. மாற்றல் விஷயத்துல ஆயர் (பிஷப்) அநியாயம் பண்ணிட்டார்னு வருத்தம், அது உண்மையா கூட இருந்திருக்கலாம், நான் தீர்ப்பு சொல்ல ஆள் இல்ல. அதை அப்படியே பொதுவுல எழுதிட்டார். ஒரே வாரத்துல பங்கு ரெண்டா பிரிஞ்சுது. அவரையும் தெரியாத ஆயரையும் தெரியாத ஆளுங்க எங்கெங்கேருந்தோ வந்து சண்டை போட்டாங்க, எழுதினவரை விட பின்னூட்டம் போட்டவங்கதான் மோசமா பேசினாங்க, அவர் நிறுத்தச் சொல்லியும் நிக்கல. சகோதரன் தப்பு பண்ணா தனியா போய் சொல்லு, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டு போ, அப்புறம்தான் சபைக்குச் சொல்லுன்னு மத்தேயு 18ல ஆண்டவர் சொன்ன வரிசையில, இவர் முதல் ரெண்டு படியை விட்டுட்டு மூணாவதுல ஏறிட்டார். புனிதத்தைப் பத்தி 2018ல எழுதின மடல்ல போப் பிரான்சிஸ் இதைத்தான் வெளிப்படையா சொன்னார், கத்தோலிக்க ஊடகங்கள்ல கூட அவதூறு சாதாரணமாயிடுது, மத்த கட்டளையெல்லாம் காப்பாத்துறேன்னு சொல்றவங்க பொய்ச்சாட்சி சொல்லாதேங்குற எட்டாவது கட்டளையை மறந்துடுறாங்கன்னு. 2023 மே மாசம் வத்திக்கான் தகவல்தொடர்புத் துறை சமூக ஊடகம் பத்தி வெளியிட்ட ஆவணம் இன்னும் குறிப்பா ஆயர்களையும் குருக்களையும் சொல்லுது: அவங்க பிரிவினையா பேசினா அது சமூகத்தைப் பிளக்குறதோட நிக்காது, மத்தவங்களும் அப்படிப் பேசலாம்னு அனுமதி கொடுத்த மாதிரி ஆயிடும். அந்தப் பின்னூட்டங்களைப் படிச்ச எனக்கு இதுக்கு விளக்கமே தேவைப்படல.

ஆனா இதை வச்சு குருக்கள் எதையுமே வெளிய பேசக் கூடாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். திருச்சபையோட பேரைக் காப்பாத்துறோம்னு மௌனமா இருந்ததாலதான் பிள்ளைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமை அத்தனை வருஷம் மறைஞ்சு கிடந்துச்சு. அந்த மாதிரி விஷயம் தெரிஞ்சா அதுக்கு இடம் வலைப்பூ இல்ல, போலீஸும் திருச்சபை அதிகாரியும். போப் பிரான்சிஸ் 2019ல கொடுத்த சட்டப்படி குருக்களும் துறவிகளும் அதைத் தெரிஞ்ச உடனே அதிகாரிக்குத் தெரிவிச்சே ஆகணும், பாவசங்கீர்த்தனத்துல கேட்டது அதுல சேராது. பாதிக்கப்பட்டவங்க வாயை அடைக்கவும் யாருக்கும் உரிமை இல்லன்னு அதே சட்டம் சொல்லுது. மாற்றல் கோவத்தை எழுதுறதும் இதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டையும் சேத்து 'எழுதாதே'ன்னு சொல்றவங்களும் தப்பு பண்றாங்க.

அக்கா விஷயத்துக்கு அப்புறம் நாங்க ஒவ்வொண்ணா மாத்தினோம். முதல் வேலை மெயில் பெட்டி. வலைப்பூவுல இருந்த முகவரிக்கு வர்ற மெயிலை ஃபாதரோட சேந்து நானும் படிச்சிட்டு இருந்தேன், எனக்கும் பாஸ்வேர்ட் தெரியும். ஜனங்க என்ன எழுதுவாங்கன்னு நாங்க நினைச்சே பாக்கல. கேள்வி கேக்குற மாதிரி ஆரம்பிச்சு அப்படியே தங்களோட பாவத்தையெல்லாம் கொட்டிருவாங்க, அதை குரு இல்லாத ஒரு பொதுநிலையாளான நான் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சிட்டு இருந்தேன். இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை மாதிரி அருட்சாதனம் எதுவும் இணையத்துல கிடையாதுன்னு வத்திக்கான் 2002லயே தெளிவா சொல்லிடுச்சு, அதனால அது பாவசங்கீர்த்தனம் ஆகாதுதான், ஆனா எழுதினவங்க மனசுல அது குருகிட்ட சொன்ன ரகசியம். அதுக்கப்புறம் ஃபாதருக்கு மட்டும் தனி மெயில், எனக்கு பாஸ்வேர்ட் கிடையாது. மேலயே ரெண்டு வரி போட்டோம்: இங்க பாவத்தை எழுதாதீங்க, இது பாவமன்னிப்பு ஆகாது, பக்கத்துல இருக்குற குருவைப் போய்ப் பாருங்க.

அடுத்தது உதாரணம். பங்குல இருக்குற யாரோடயாவது ஒத்துப் போகக்கூடிய மன்னிப்பு, குடும்பம், குடி, பணம் பத்தின கதை எதுவுமே வேண்டாம்னு முடிவு. வேதாகமத்துலயும் புனிதர்கள் வாழ்க்கையிலயும் இல்லாத உதாரணமான்னு அவர் கேட்டார். தன் வாழ்க்கையிலேருந்து எழுதினார், தன் சொந்த பயம், ஜெபம் வராத நாள். ஆச்சரியம் என்னன்னா அதுக்குத்தான் நல்ல மெயில் வந்துச்சு, எண்ணிக்கை கம்மி, ஆனா எழுதினவங்க மனசு விட்டு எழுதினாங்க.

ராத்திரி எழுதினதை ராத்திரியே போடுறதில்லன்னு ஒண்ணு வச்சோம். காலைப் பூசை முடிஞ்சு திரும்ப ஒரு தடவை படிச்ச பிறகுதான். தப்பு வந்தா சத்தமில்லாம திருத்தாம, மேலயே 'இதுல இப்படித் தப்பா எழுதிட்டேன்'ன்னு போடுவோம். கட்சி அரசியல் இல்லவே இல்ல, சட்டம் 287 எப்படியும் குருக்களை அதுலேருந்து விலகி இருக்கத்தான் சொல்லுது. துறவற சபை குருவா இருந்தா இன்னொண்ணும் பாக்கணும், விசுவாசம் ஒழுக்கம் பத்தி எழுதி வெளியிட சபை மேலதிகாரி அனுமதி வேணும்னு 832 இருக்கு. எங்க ஃபாதர் மறைமாவட்ட குரு, இருந்தாலும் ஆயர்கிட்ட போய் சொல்லிட்டு வந்தார். ஆயர் ரெண்டு மூணு பதிவைப் படிச்சிட்டு, எழுதுங்கன்னு சொல்லிட்டார். அந்த அஞ்சு நிமிஷப் பேச்சு பின்னாடி எத்தனையோ புகார்லேருந்து அவரைக் காப்பாத்துச்சு.

நாங்க சரியா யோசிக்காம கோட்டை விட்ட ஒண்ணு, மாற்றல். 2016 நடுவுல அவர் வேற பங்குக்குப் போனார், வலைப்பூ பங்கு பேர்லயே இருந்துச்சு, எழுத்து எல்லாம் அவரோடது. புதுசா வந்த ஃபாதர் எழுதுற ஆள் இல்ல, வீடு வீடா போற ஆள், அருமையான மேய்ப்பர். ஆனா ஜனங்க ஞாயித்துக்கிழமை அவர் பிரசங்கத்தைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் பழைய ஃபாதரைப் படிச்சாங்க, ரெண்டையும் ஒப்பிட்டு அலுவலகத்துலயே பேசினாங்க. அவர் முகம் வாடினதை நான் பாத்திருக்கேன். ஆரம்பத்துலயே பங்கு அறிவிப்புக்கு ஒண்ணு, குருவோட எழுத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா வச்சிருக்கணும், பங்கோடதுக்கு பாஸ்வேர்ட் பங்குப் பேரவையில ரெண்டு பேர்கிட்ட இருக்கணும், மாறிப் போற குரு ஆறு மாசமாவது எழுதாம இருக்கணும். எங்க ஃபாதர் அந்த ஆறு மாசத்தை அவராவே எடுத்துக்கிட்டார், ஆனா பாதிப்பு நடந்த பிறகு.

அந்த அக்கா 2014க்கு அப்புறம் பூசைக்கு வந்தாங்க, அவர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்கு வரல. அடுத்த தவக்காலத்துல பொது ஒப்புரவுக்கு வெளியேருந்து நாலு குருக்கள் வந்திருந்தாங்க, அக்கா அவங்கள்ல ஒருத்தரோட வரிசையில போய் நின்னாங்க. ஃபாதர் தலை குனிஞ்சு மத்தவங்களுக்குக் கேட்டுட்டு இருந்தார். வருத்தப்பட்டது யாருன்னு அவர் ஊகிச்சிருப்பாரா இல்லையான்னு நான் கேக்கவே இல்ல. பிரிவு உபசாரம் அன்னைக்கு வரிசையில நின்னு அவர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கினாங்க, கீழ இறங்கி வந்து என்கிட்ட, "கேட்டிருக்கலாம் தம்பி, ரெண்டு வருஷம் அப்படியே வச்சிட்டு இருந்துட்டேன்"ன்னாங்க.

அவர் இப்பவும் எழுதுறார். டைப் பண்ண அங்க வேற பிள்ளைங்க இருக்காங்க, ஆனா போடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணி வாய்விட்டுப் படிச்சுக் காட்டுவார். நான் எழுத்துப்பிழை பாக்குறதில்ல, வேதபோதனை பாக்க எனக்குத் தகுதியும் இல்ல. கோயில் வாசல்ல நின்ன அந்த அக்கா காதால கேட்டுப் பாக்குறேன். போன வாரம் ஒரு பதிவுல, குழந்தை இல்லாத தம்பதிகள் பத்தி ஒரு வரி வந்துச்சு, நல்ல மனசோட எழுதின வரிதான். "ஃபாதர், அந்த ஒரு வரி"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எடுத்துடுறேன்"ன்னு சொல்லிட்டு அடுத்த பத்தியைப் படிக்க ஆரம்பிச்சார்.